காய்ந்த தடியை நட்டவள்: கஸ்ஸான் கனபானியும் அவர் எழுதிய பெண்களும்

டமாஸ்கஸ் நகரில் ஓர் அகதிப் பள்ளிக்கூடம். 1950களின் தொடக்கம். சித்திரப் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. பாடத்திட்டப்படி அன்றைக்குப் பிள்ளைகள் ஓர் அப்பிளையும் ஒரு வாழைப்பழத்தையும் வரைய வேண்டும். ஆசிரியர் இருபது வயதுகூட நிரம்பாத இளைஞர். கரும்பலகையில் இரண்டையும் வரைந்துவிட்டுத் திரும்பிப் பிள்ளைகளின் முகங்களைப் பார்க்கிறார். முகாமிலிருந்து வந்த பிள்ளைகள். பலகையில் இருக்கும் பழங்களுக்கும் அவர்களுடைய வாழ்க்கைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது அந்தக் கணத்தில் அவருக்கு உறைக்கிறது. படத்தை அழிக்கிறார். பிள்ளைகளைத் தங்கள் முகாமை வரையும்படி சொல்கிறார்.

அந்த ஆசிரியரின் பெயர் கஸ்ஸான் கனபானி. பலஸ்தீனப் புனைகதையின் முதல் வரிசையில் வைக்கப்படும் எழுத்தாளர். 36 வயதில் பெய்ரூட்டில் கார்க் குண்டுக்குப் பலியானவர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எல்லை, துப்பாக்கி, தாயகம் என்ற மூன்று சொற்களோடு நின்றுவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை வேறொரு வழியால் அவரிடம் போகிறது. அவருடைய கதைகளில் ஆண்கள் பல தடவை வழி தவறுகிறார்கள், பேரம் பேசுகிறார்கள், சத்தமில்லாமல் செத்துப்போகிறார்கள். வருடங்கள் செல்லச் செல்ல, அந்தக் கதைகளில் வழியைக் கண்டுபிடிக்கிறவர்கள் பெண்களாக மாறுகிறார்கள். எழுதத் தொடங்கிய நாளிலேயே கனபானி இதை அறிந்திருக்கவில்லை. தன்னைச் சுற்றியிருந்த பெண்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்.

அக்கா என்றொரு ஊர்

மத்தியதரைக் கடலோரத்தில், பழைய கோட்டை மதில்களோடு நிற்கும் ஒரு துறைமுக நகரம். அரபு மொழியில் அதன் பெயர் அக்கா. தமிழ்க் காதுக்கு அது உறவுமுறைச் சொல்லாகக் கேட்கும். அந்த ஊரில்தான் 1936 ஏப்ரலில் கனபானி பிறந்தார். பிரித்தானிய ஆட்சிக்கும் சியோனிசக் குடியேற்றத்துக்கும் எதிராகப் பலஸ்தீன அரபு மக்கள் பொதுவேலைநிறுத்தத்தில் இறங்கிய மாதமும் அதுவே. தந்தை ஒரு சட்டத்தரணி. வசதியான குடும்பம். யாபாவில் வளர்ந்த சிறுவன், பிரெஞ்சுக் கத்தோலிக்கத் துறவிகள் நடத்திய பள்ளியில் படித்தான்.

அவனுக்குப் பன்னிரண்டு வயது நிரம்பிய நாட்களில், 1948 ஏப்ரல் 9ஆம் திகதி, ஜெருசலேமுக்கு அருகே தெய்ர் யாசீன் என்ற கிராமத்தில் சியோனிச ஆயுதக் குழுக்கள் நூற்றுக்கும் அதிகமானோரைக் கொன்றன. பெண்களும் பிள்ளைகளும் அதில் அடக்கம். அதன் பிறகு கனபானி தன் பிறந்தநாளைக் கொண்டாடியதில்லை. அதே மாதம் ஹைபா வீழ்ந்தது. மே மாதத்தில் யாபாவும் அக்காவும் வீழ்ந்தன. யாபாவை விட்டு ஏற்கெனவே அக்காவுக்கு வந்திருந்த குடும்பம், அங்கிருந்து லெபனானுக்கு ஓடியது. அந்த வருடத்தில் வீடிழந்த பலஸ்தீனர்களின் தொகை 7 இலட்சத்துக்கும் அதிகம்.

அந்தப் பயணத்தைப் பின்னாளில் 'துயர ஒரேஞ்சுகளின் தேசம்' என்ற சிறுகதையாக எழுதினார். ஒரு குடும்பம் லொறியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வடக்கே எல்லையை நோக்கிப் போகிறது. வழியில் ஒரு விவசாயி கூடையில் ஒரேஞ்சுப் பழங்களோடு இருக்கிறான். லொறி நிற்கிறது. பெண்கள் இறங்கிப்போய்ப் பழங்களை வாங்கி வருகிறார்கள். ஆண்கள் அதைப் பார்க்கிறார்கள், அழுகிறார்கள். ஊரைவிட்டுப் போகும்போது எதைக் கையில் எடுத்துக்கொண்டு போவது என்று அந்தக் கதையில் முதலில் தெரிந்துகொண்டவர்கள் பெண்கள்தான். யாபாவின் ஒரேஞ்சுத் தோட்டங்கள் உலகப் புகழ் பெற்றவை. அந்தத் தோட்டங்களிலிருந்து அவர்களுடன் எல்லையைக் கடந்தது அந்தப் பழங்கள் மட்டும்தான். கதையின் முடிவில் ஒரு பழம் உலர்ந்து சுருங்கிக் கிடக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது.

எங்களில் எத்தனை பேருடைய வீட்டில் ஊர்த் திறப்புக் கோர்வை ஒன்றோ, ஒரு பிடி மண்ணோ, அம்மாவின் பழைய சேலையோ பெட்டிக்குள் இருக்கிறது? அந்த ஒரேஞ்சுப் பழத்துக்கு எங்களுக்கு விளக்கவுரை தேவையில்லை.

முகாமும் பள்ளிக்கூடமும்

குடும்பம் லெபனானிலிருந்து சிரியாவுக்குப் போய் டமாஸ்கசில் தங்கியது. சட்டத்தரணியின் பிள்ளைகள் கடதாசிப் பை ஒட்டிச் சம்பாதித்தார்கள். படித்துக்கொண்டே வேலை செய்த கனபானி, ஐக்கிய நாடுகளின் பலஸ்தீன அகதிகளுக்கான நிவாரண நிறுவனம் நடத்திய பள்ளியில் ஆசிரியரானார். அப்பிளும் வாழைப்பழமும் அழிக்கப்பட்டது அங்கேதான்.

டமாஸ்கஸ் பல்கலைக்கழகத்தில் அரபு இலக்கியம் படிக்கச் சேர்ந்தார். 1953இல் ஜோர்ஜ் ஹபாஷைச் சந்தித்தார். மருத்துவரான ஹபாஷும் 1948இல் ஊரிழந்தவர். அரபுத் தேசியவாதிகள் இயக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். அந்த இயக்கத்தில் இணைந்ததன் விலையாகக் கனபானியின் பல்கலைக்கழகப் படிப்பு இடையில் நின்றது.

1950களின் நடுவில் குவைத்துக்குப் போனார். எண்ணெய்ப் பணம் பெருகத் தொடங்கிய அந்தப் பாலைவன நாடுதான் அப்போது பலஸ்தீன இளைஞர்களுக்கு வெளிநாடு. ஒருவர் போய்ச் சேர்ந்தால் பின்னால் ஒரு குடும்பமே மூச்சு விடும். அவருடைய அக்கா பாய்சா அங்கே ஏற்கெனவே இருந்தார். கனபானி சித்திரமும் உடற்பயிற்சியும் கற்பித்தார், இரவில் எழுதினார். அங்கேதான் கடுமையான நீரிழிவு நோய் தனக்கு இருப்பதை அறிந்தார். அன்று முதல் சாகும்வரை இன்சுலின் ஊசியோடுதான் வாழ்ந்தார். வாழ்நாள் குறுகியது என்று தெரிந்த மனிதனின் வேகம் அவருடைய எழுத்தில் உண்டு.

1955இல் அக்காவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் லமீஸ். மாமனுக்கும் மருமகளுக்கும் இடையே இருந்த பாசம், கனபானியின் வாழ்க்கையை எழுதிய எவரும் தவறவிடாத ஒன்று. அவளுடைய பிறந்தநாளுக்கு அவரே எழுதி, அவரே படம் வரைந்து சிறு நூல்களைக் கொடுத்தார். தன் பிறந்தநாளைக் கைவிட்ட மனிதர் அவளுடைய பிறந்தநாளை ஒருபோதும் மறக்கவில்லை.

1956இல் எழுதிய 'காசாவிலிருந்து ஒரு கடிதம்' என்ற சிறுகதையிலும் ஓர் அண்ணன் மகள் வருகிறாள். குவைத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞனுக்கு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் படிக்க இடம் கிடைத்துவிட்டது. நண்பன் முஸ்தபா அங்கே காத்திருக்கிறான். புறப்பட முன் காசாவுக்கு வந்த இளைஞன், பதின்மூன்று வயது நாடியாவை மருத்துவமனையில் பார்க்கிறான். அவளுக்காகச் சிவப்புக் காற்சட்டை வாங்கி வந்ததாகச் சொல்கிறான். அவள் போர்வையை விலக்கிக் காட்டுகிறாள். ஒரு கால் தொடையிலிருந்து வெட்டப்பட்டிருக்கிறது. குண்டு விழுந்தபோது அவள் ஓடித் தப்பியிருக்கலாம். தம்பி தங்கைகளின் மேல் விழுந்து அவர்களை மூடிக்கொண்டாள். வெளியே வந்த இளைஞன் கலிபோர்னியாவுக்குப் போகாமல், நண்பனைத் திரும்பி வரச்சொல்லி எழுதுகிறான். அந்தக் கடிதம்தான் கதை.

இந்தக் கதையை வெளிநாட்டில் இருந்து வாசிப்பது இலேசான காரியமில்லை. போனவன் கோழை என்றும் நின்றவன் வீரன் என்றும் அதைச் சுருக்கிவிடவும் கூடாது. அதை எழுதிய கனபானியே குவைத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்தான். தப்பிப் போவதா, தங்கி நிற்பதா என்று ஆண் தடுமாறும் வேளையில், ஒரு பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை கண நேரத்தில் முடிவெடுத்துவிட்டாள். அந்த முடிவின் முன்னால்தான் அவன் தலை குனிகிறான்.

தட்டப்படாத பவுசர்

1960இல் ஹபாஷின் அழைப்பில் கனபானி பெய்ரூட்டுக்கு வந்து இயக்கத்தின் 'அல்-ஹுர்ரியா' பத்திரிகையில் சேர்ந்தார். 1961இல் ஆனி ஹோவர் என்ற டெனிஷ் பெண் அங்கே வந்தார். அவர் சிறு பிள்ளைகளின் ஆசிரியை. பலஸ்தீன அகதிகளைப் பற்றி நேரில் அறிய வந்தவர். முகாம்களைப் பார்க்க வேண்டும் என்று ஆனி கேட்டபோது கனபானிக்குக் கோபம் வந்தது. தன் மக்கள் மிருகக்காட்சிச் சாலையில் இருப்பவர்கள் இல்லை என்ற கோபம். அதன் பிறகு நிதானமாக உட்கார்ந்து விளக்கினார். இரண்டு மாதங்களில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். பாயிஸ் என்ற மகனும் லைலா என்ற மகளும் பிறந்தார்கள்.

1962இல் அவரிடம் செல்லுபடியாகும் அடையாள ஆவணம் எதுவும் இருக்கவில்லை. நாடற்றவர். லெபனானில் கெடுபிடி கூடியபோது, ஒரு மாதத்துக்கும் மேலாக வீட்டுக்குள் ஒளிந்திருந்தார். அந்த நாட்களில் எழுதி முடித்த குறுநாவல்தான் 1963இல் வெளிவந்த 'வெயிலில் மனிதர்கள்'. ஆவணமில்லாத மனிதன் எல்லை கடக்கும் கதையை, ஆவணமில்லாத மனிதன் ஒளிந்திருந்து எழுதினான்.

அபூ கைஸ், அசாத், மர்வான் என்று மூன்று தலைமுறையைச் சேர்ந்த மூன்று பலஸ்தீனர்கள் ஈராக்கின் பஸ்ராவில் சந்திக்கிறார்கள். மூவருக்கும் குவைத் போக வேண்டும். அபுல் கைசுரான் என்ற சாரதி வெறும் தண்ணீர்ப் பவுசருக்குள் அவர்களை ஒளித்துக் கடத்த ஒத்துக்கொள்கிறான். சோதனைச்சாவடியில் சில நிமிடங்கள்தான் என்று கணக்குச் சொல்கிறான். ஓகஸ்ட் மாத வெயில். முதல் சாவடியைக் கடக்கிறார்கள். இரண்டாவதில் அதிகாரிகள், பஸ்ராவின் நடனக்காரி ஒருத்தியையும் சாரதியையும் சேர்த்து வம்பளந்து நேரத்தைக் கடத்துகிறார்கள். திரும்பி வந்து மூடியைத் திறக்கும்போது மூவரும் செத்திருக்கிறார்கள். உடல்களை அவன் குப்பை மேட்டில் போட்டுவிட்டு, பணத்தையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொள்கிறான். அதன் பிறகுதான் அவர்கள் ஏன் தாங்கியின் சுவரைத் தட்டவில்லை என்ற கேள்வி அவனைப் பிடித்துக்கொள்கிறது.

கொள்கலன்களிலும் லொறிகளின் அடியிலும் எல்லை கடந்த உறவினர்களைக் கொண்ட எங்களுக்கு இந்தக் கதையின் வெப்பம் தெரியும். எல்லோரும் பேசும் அந்த முடிவை விட்டு, கதையில் பெண்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். அபூ கைஸின் மனைவி கூடாரத்தில் காத்திருக்கிறாள். மர்வானின் தாயைத் தகப்பன் கைவிட்டுவிட்டு, சபீக்கா என்ற பெண்ணை மணந்துகொள்கிறான். யாபா மீதான குண்டுவீச்சில் ஒரு காலை இழந்தவள் சபீக்கா. அவளிடம் கொங்கிரீட் கூரை போட்ட மூன்று அறை வீடு ஒன்று இருக்கிறது. கூடாரத்தில் வாழ்ந்து களைத்தவனுக்கு அந்தக் கூரைதான் சீதனம். அசாத்துக்குப் பயணப் பணம் கொடுத்த பெரியவருக்கு, அவன் தன் மகளைக் கட்ட வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. பெண்கள் கடனாகவும் கூரையாகவும் பொறுப்பாகவும்தான் இங்கே வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் ஆண்கள் பவுசருக்குள் ஏறுகிறார்கள். அவர்களிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதே 1963 ஜனவரியில் லமீஸுக்கு எட்டு வயது. 'சின்ன விளக்கு' என்ற கதையை எழுதிக் கொடுத்தார். அரசன் இறந்துபோகிறான். அவன் மகள் அரசியாக வேண்டுமானால் சூரியனை அரண்மனைக்குள் கொண்டுவர வேண்டும். சிறுமி மலை ஏறிப் பார்க்கிறாள், முடியவில்லை. அரண்மனைக்குள் நுழையவிடாமல் காவலர்கள் துரத்திய ஒரு கிழவனின் கையில் விளக்கு இருந்ததை அறிகிறாள். ஊரில் உள்ள விளக்குகளெல்லாம் ஒன்றாக வருகின்றன. அவை நுழையக் கதவுகளும் மதில்களும் இடிக்கப்படுகின்றன. ஒளி உள்ளே வருகிறது. பெரியவர்களுக்கு எழுதிய கதையில் எவரும் சுவரைத் தட்டவில்லை. எட்டு வயது மருமகளுக்கு எழுதிய கதையில் ஒரு சிறுமி சுவரையே இடிக்கிறாள்.

சமையலறைக் கத்தி

1966இல் வந்த 'உங்களுக்கு மிஞ்சியது' என்ற நாவலில் அந்தச் சிறுமி வளர்ந்துவிட்டாள் என்று சொல்லலாம். 1948இல் தாயைப் பிரிந்து காசாவில் வாழும் மர்யம், ஹாமித் என்ற அக்காவும் தம்பியும். சக்கரியா என்பவனால் மர்யம் கர்ப்பமாகிறாள். ஒரு போராளியை இஸ்ரேலியப் படையிடம் காட்டிக்கொடுத்தவன் அவன். ஏற்கெனவே மனைவியும் பிள்ளைகளும் உள்ளவன். மானம் போய்விட்டது என்று நினைக்கும் தம்பி, அவளை அவனுக்கே கட்டிவைத்துவிட்டு, யோர்தானில் இருக்கும் தாயைத் தேடி இரவோடு இரவாகப் பாலைவனத்தில் இறங்கிப் போகிறான். வழியில் ஓர் இஸ்ரேலியச் சிப்பாயை எதிர்கொள்கிறான். வீட்டில் சக்கரியா, கருவைக் கலைக்கும்படி மர்யத்தை அச்சுறுத்துகிறான். அவள் சமையலறைக் கத்தியை எடுக்கிறாள்.

அக்காவின் மானத்தைச் சுமக்க முடியாமல் தம்பி ஓடினான். அக்கா ஓடவில்லை. வெளியே இருக்கும் எதிரியையும் வீட்டுக்குள் இருக்கும் எதிரியையும் கனபானி ஒரே இரவில் வைத்தார். ஒடுக்கப்பட்ட இனத்தின் பெண்ணுக்கு இரண்டு முனைகளிலும் போர் என்பதை அரபு நாவல் அவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது அக்காலத்தில் அரிது. லெபனானில் அந்த நாவல் பரிசு பெற்றது.

அதே வருடம், இஸ்ரேலுக்குள் வாழ்ந்த பலஸ்தீனக் கவிஞர்களைப் பற்றிய ஆய்வு நூலையும் கொண்டுவந்தார். மஹ்மூத் தர்வீஷ், சமீஹ் அல்-காசிம் போன்றவர்களை வெளியே இருந்த அரபு உலகம் பரவலாக அறிந்தது அதன் பிறகே. அந்தக் குரல்கள் ஒருநாள் எங்கள் மொழிக்கும் வந்தன. 1980களின் தொடக்கத்தில் எம்.ஏ. நுஃமான் 'பலஸ்தீனக் கவிதைகள்' என்று தமிழாக்கித் தொகுத்தபோது, ஈழத்து இளைஞர்கள் அதைத் தங்கள் கதையாக வாசித்தார்கள்.

பெண்களின் உலகத்தை உள்ளிருந்து எழுத அப்போதே ஒருவர் இருந்தார். சமீரா அஸ்ஸாம். அவரும் அக்கா நகரில் பிறந்தவர், 1948இல் லெபனானுக்கு ஓடியவர். கனபானியை விட ஒன்பது வயது மூத்தவர். அவருடைய ஒரு கதையில் பெய்ரூட்டில் கடை வைத்திருக்கும் ஒருவனை எல்லோரும் பலஸ்தீனன் என்றே கூப்பிடுகிறார்கள். பெயரே இல்லாமல் போகிறது. காசு கொடுத்துப் போலியாக ஒரு லெபனான் அடையாள அட்டை வாங்குகிறான். அட்டை வந்த பிறகும் அவன் பலஸ்தீனன்தான். அடையாளம் என்பது அட்டையில் இல்லை என்பதைச் சத்தமில்லாமல் சொல்லும் கதை. 1967 ஓகஸ்டில், யூன் போரில் அரபு நாடுகள் தோற்ற துயரம் ஆற முன்பே, 39 வயதில் மாரடைப்பால் அவர் இறந்தார். அவருக்கு அஞ்சலி எழுதிய கனபானி அவரைத் தன் ஆசிரியராகவே கருதினார்.

இரண்டு தாய்மார், ஒரு கொடி

1967 யூன் போரின் பின் இன்னும் இலட்சக்கணக்கானோர் அகதிகளானார்கள். அந்த வருட முடிவில் ஹபாஷ், பலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியைத் தொடங்கினார். கனபானி அதன் பேச்சாளரானார். 1969இல் அதன் வார இதழான 'அல்-ஹதப்' பத்திரிகையைத் தொடங்கி ஆசிரியராக இருந்தார். அதே வருடம் இரண்டு சிறு நாவல்கள் வந்தன.

'ஹைபாவுக்குத் திரும்புதல்' முதலாவது. சயீத், சபிய்யா என்ற தம்பதியர் இருபது வருடங்களின் பின் ஹைபாவில் தாங்கள் விட்டுப்போன வீட்டைப் பார்க்கப் போகிறார்கள். 1948இல் கணவனைத் தேடித் தெருவில் இறங்கிய சபிய்யாவைச் சனக்கூட்டம் அள்ளிக்கொண்டு போனது. கைக்குழந்தை கல்தூன் வீட்டுக்குள் தனித்துப்போனான். இப்போது கதவைத் திறப்பவள் போலந்திலிருந்து வந்த மிரியம் என்ற யூதப் பெண். தகப்பனை அவுஷ்விட்சில் பறிகொடுத்தவள். கல்தூனை டோவ் என்ற பெயரில் வளர்த்தவள். அவன் இப்போது இஸ்ரேலியப் படையில் இருக்கிறான்.

பல வாசகர்கள் சயீத்துக்கும் டோவுக்கும் இடையே நடக்கும் வாக்குவாதத்தையே நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கு நிற்பது மிரியத்தின் ஒரு காட்சி. அவள் ஹைபாவுக்கு வந்த புதிதில், இறந்துபோன ஓர் அரபுக் குழந்தையை ஆயுதம் தாங்கியவர்கள் விறகுக் கட்டை மாதிரி லொறியில் எறிவதைக் காண்கிறாள். அந்த நாட்டை விட்டே போய்விட நினைக்கிறாள். தன் இனத்தின் அழிவைக் கண்டவள், இன்னோர் இனத்தின் அழிவை அடையாளம் காண்கிறாள். எதிரி வீட்டுத் தாய்க்கு இவ்வளவு மனிதத்தன்மையைக் கொடுக்க, தன் ஊரையே இழந்த எழுத்தாளனால் முடிந்தது. வீட்டைப் பறிகொடுத்தவர்களின் நியாயத்தை அவர் அதற்காக ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டாவது நாவல் 'உம்மு சஅத்'. சஅத்தின் தாய் என்று பொருள். கனபானி நேரில் அறிந்த ஒரு முகாம் பெண்ணின் சாயலில் எழுதப்பட்டது. எழுத்தறிவில்லாத, பிறர் வீடுகளில் வேலை செய்யும் நடுத்தர வயதுப் பெண். அந்த நூலை அவளுக்கே காணிக்கையாக்கி, அவளைத் தன் பள்ளிக்கூடம் என்று ஏற்றுக்கொண்டார்.

1967இன் தோல்வியால் படித்தவர்கள் துவண்டு கிடக்கும் நாளில் அவள் வாசலில் வந்து நிற்கிறாள். கையில் காய்ந்த திராட்சைக் கொடித் தடி ஒன்று. அதை நிலத்தில் நடுகிறாள். இது எங்கே முளைக்கப்போகிறது என்று எழுத்தாளன் நினைக்கிறான். அவளுக்குச் சந்தேகம் இல்லை. மகன் சஅத் போராளிகளோடு சேர்ந்துவிடுகிறான். கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் வித்தியாசம் உண்டு என்பதை அவள்தான் எழுத்தாளனுக்குப் புரியவைக்கிறாள். அகதியின் கூடாரமும் போராளியின் கூடாரமும் துணியால் ஒன்றுதான். அவற்றுக்குள் இருப்பவன் ஒரே ஆள் இல்லை. வருடக்கணக்காக அணிந்திருந்த தாயத்தைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கிச் சன்னம் ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொள்கிறாள்.

எனக்கு அந்த நாவலில் மிகப் பெரிய பகுதி துப்பாக்கி இல்லாத ஒன்று. ஒரு கட்டடத்தின் மாடிப்படிகளைக் கழுவும் வேலை உம்மு சஅத்துக்குக் கிடைக்கிறது. ஒருநாள் தெற்கு லெபனானைச் சேர்ந்த ஏழைப் பெண் ஒருத்தி வருகிறாள். அந்த வேலை முதலில் அவளுடையது. அவளுக்குக் கொடுத்த கூலியில் இரண்டு லிராவை மிச்சம்பிடிப்பதற்காக அவளை நிறுத்திவிட்டு, குறைந்த கூலிக்கு அகதிப் பெண்ணைப் பிடித்திருக்கிறார்கள். ஏழைக்கு எதிராக ஏழையை நிறுத்தும் அந்தக் கணக்கு உம்மு சஅத்துக்கு உடனே விளங்குகிறது. வேலையை விட்டுவிடுகிறாள். புலம்பெயர்ந்த நாடுகளில் குறைந்த சம்பளத்துக்குப் படி கழுவியவர்கள், உணவகங்களில் கோப்பை கழுவியவர்கள் இந்தப் பக்கத்தை இன்னொரு தடவை வாசிப்பார்கள். எதிர்ப்பு என்பது எல்லையில் மட்டும் நடப்பதில்லை. நாவலின் கடைசியில் அந்தக் காய்ந்த தடியில் பச்சைத் துளிர் ஒன்று தெரிகிறது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். உம்மு சஅத்துக்கு நாவலில் சொந்தப் பெயர் இல்லை. மகனின் பெயரால்தான் அறியப்படுகிறாள். பெண்ணை மண்ணாகவும் தாயாகவும் போராளியைப் பெற்றவளாகவும் உயர்த்தி வைக்கும்போது, அவளுடைய சொந்த ஆசைகளுக்கும் கோபங்களுக்கும் இடம் குறைந்துபோகிறது. அந்த இடத்தைப் பின்னால் வந்த நாப்லுஸ் நகரத்து சஹர் கலீபா போன்ற பெண் எழுத்தாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆக்கிரமிப்பையும் வீட்டு ஆண்களின் அதிகாரத்தையும் அவர்கள் ஒன்றாக வைத்துக் கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்விக்கான கதவை மர்யத்தின் கையில் கத்தியைக் கொடுத்தபோதே கனபானி திறந்துவிட்டார். முழுவதும் உள்ளே போக அவருக்கு வயது இருக்கவில்லை.

யூலை 8

1972 மே 30ஆம் திகதி, மக்கள் முன்னணியோடு சேர்ந்து இயங்கிய ஜப்பானியச் செம்படையினர் மூவர் லொட் விமான நிலையத்தில் சுட்டதில் 26 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த யாத்திரிகர்கள். கனபானி முன்னணியின் பேச்சாளர். அவர் ஆயுதம் ஏந்தியவர் இல்லை. எனினும் தான் பேசிய இயக்கத்தின் செயல்களிலிருந்து அவரை முழுவதும் பிரித்து வைத்து வரலாறு எழுத முடியாது.

ஐந்து வாரங்களின் பின், யூலை 8ஆம் திகதி காலை. பெய்ரூட் புறநகரான ஹஸ்மியாவில் அவருடைய வீடு. குவைத்திலிருந்து அக்கா பாய்சா பிள்ளைகளோடு விடுமுறைக்கு வந்திருந்தார். லமீஸுக்கு 17 வயது. நகரத்துக்குப் போகப் புறப்பட்ட மாமனோடு அவளும் காரில் ஏறினாள். கார் வெடித்தது. இருவரும் அந்த இடத்திலேயே இறந்தார்கள். ஆனியும் பிள்ளைகளும் வீட்டில் இருந்தார்கள். இஸ்ரேலின் உளவுத்துறையான மொசாட்டின் வேலை என்றே அந்தக் கொலை பரவலாகக் கருதப்படுகிறது. எட்டு வயதில் அவளுக்கென்று எழுதிய கதையில் மதில்களை இடித்தவள், அவருடைய மரணத்திலும் பக்கத்தில் இருந்தாள்.

பாதியில் நின்ற நாவல்கள் மூன்று அவருடைய தாள்களில் கிடைத்தன. 1975இல் ஆபிரிக்க ஆசிய எழுத்தாளர்களின் தாமரை விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. அவர் இறந்த வருடத்திலேயே 'வெயிலில் மனிதர்கள்' திரைப்படமாக வந்தது. எகிப்திய இயக்குநர் தவ்பீக் சாலிஹ் எடுத்த அந்தப் படத்தில், பவுசருக்குள் இருப்பவர்கள் தட்டுகிறார்கள். வெளியே இருப்பவர்களுக்குத்தான் கேட்கவில்லை.

ஆனி டென்மார்க்குக்குத் திரும்பிப் போகவில்லை. கணவனைப் புதைத்த நகரத்திலேயே இரண்டு பிள்ளைகளோடு தங்கினார். கனபானி பெயரில் ஒரு பண்பாட்டு அறக்கட்டளையைத் தொடங்கி, 1974 முதல் லெபனானின் பலஸ்தீன முகாம்களில் சிறுவர் பாடசாலைகளை நடத்தத் தொடங்கினார். லெபனானின் உள்நாட்டுப் போருக்குள்ளும் 1982 படையெடுப்புக்குள்ளும் அந்தப் பணி தொடர்ந்தது. ஒரு காலத்தில் முகாமைப் பார்க்கக் கேட்டதற்காக அவரிடம் கோபப்பட்ட மனிதனின் கனவை, அந்த முகாம்களுக்குள்ளேயே வைத்து வளர்த்தார்.

எங்கள் பிள்ளைகளும் இன்று வேறொரு நாட்டின் பாடத்திட்டத்தில் படிக்கிறார்கள். பலகையில் இருக்கும் அப்பிளை நன்றாகவே வரைகிறார்கள். அதில் பிழையில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஊரை வரையச் சொல்வதற்கு ஒருவர் இருக்க வேண்டும். அது அநேகமாக ஓர் அம்மம்மாவாக இருக்கும், ஓர் அத்தையாக இருக்கும், இரண்டு வேலைக்குப் போய்வந்து களைத்த ஓர் அம்மாவாக இருக்கும். கனபானி தன் பள்ளிக்கூடம் என்று ஏற்றுக்கொண்டதும் அப்படியான ஒருத்தியைத்தான்.